தகவல் தந்தவர்

பல்கலைக்கழகத் தேர்வுத் தாளின் முதல் மூன்று பகுதிகளையும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டாள்.

உடல்சார் மானிடவியலில் மண்டையோட்டு அளவீடு. தொல்லியலில் முதுமக்கள் தாழி. மொழியியலில் உறவுமுறைப் பெயர்கள். கை தன்பாட்டுக்கு ஓடியது.

நான்காவது பகுதி, பண்பாட்டு மானிடவியல். பதினேழாம் கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

கேட்டிருந்தது அவளுடைய மலைச் சனத்தின் ஈமச்சடங்கு. பத்து மதிப்பெண்.

இதே கேள்வி முன்பு கல்லூரிக்குள் நடத்திய தேர்விலும் வந்தது. அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து அன்றைக்குப் பதினோரு நாள். கண்ணால் பார்த்ததை எழுதினாள். இறந்தவர் வாயில் நாங்கள் எதுவும் வைப்பதில்லை. வெறும் வாயோடுதான் அனுப்புவோம்.

சிவப்பு மையில் ஒரு பூஜ்யம். பக்கத்தில், 'ஆதாரம்?'

விடைத்தாளை எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் அறையில் போய் நின்றாள். அவர் கோபப்படவில்லை.

"நேர்ல பாத்தேன்னு எழுதினா ஆராய்ச்சி ஆயிடாதும்மா. நம்ம புஸ்தகத்துல தெளிவா இருக்குல்ல, அதை எழுது."

நம்ம புத்தகம் என்றால் அவர் எழுதியது. முப்பது வருடத்துக்கு முன்னால் மலையேறி வந்து, ஒரு வாரம் தங்கி எழுதியது. பிணத்தின் வாயில் மூன்று பிடி கேழ்வரகு திணிப்பார்கள் என்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

அந்தக் கதையை அப்பா அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். ஒன்றுமே வைப்பதில்லை என்று மூன்று தடவை சொல்லியும் நோட்டுப் புத்தகத்தோடு வந்த ஆள் நம்பவில்லையாம். ஏதாவது வைப்பீர்களே, நன்றாக யோசித்துச் சொல் என்று எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாராம். மழை வேறு இறங்கப் பார்த்ததாம்.

"வாயில வந்ததச் சொன்னேன். பாவம், சந்தோசமா எழுதிக்கிட்டாரு."

இன்னும் அரை மணி நேரம் என்று கண்காணிப்பாளர் அறிவித்தார்.

இந்தத் தாளில் தோற்றால் உதவித்தொகை நின்றுவிடும். அது நின்றால் விடுதியில் இடமில்லை. மலைக்குப் பேருந்து ஏற வேண்டியதுதான்.

எழுதினாள்.

வாயைத் திறக்கிறார்கள். முதல் பிடி.

இரண்டாம் பிடி.

மூன்றாவதை எழுதும்போது அப்பா சிரித்த முகமாக நினைவுக்கு வரவில்லை.

ஆதாரத்தை மறக்காமல் கீழே கொடுத்தாள். நூலின் பெயர், ஆண்டு, பக்கம் நாற்பத்திரண்டு.

அந்தப் பக்கத்தின் அடிக்குறிப்பையும் ஓர் எழுத்து மாற்றாமல் எழுதினாள்.

தகவல் தந்தவர்: மருதன், வயது இருபத்தாறு.