மஞ்சள் கயிற்றில் ஒரு கை

பசுவந்தனை ரோட்டு மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்துப் போட்டோக்காரர் தங்கப்பாண்டியின் கேமரா நின்றுவிட்டது. மாற்றுக்கு வைத்திருந்த பழைய டிஜிட்டல் கேமராவைப் பையிலிருந்து எடுத்துச் சமாளித்தார்.

மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணன் முதல் முடிச்சைப் போட்டான். மற்ற இரண்டையும் அவன் அக்கா போட்டாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மஞ்சள் கயிற்றின்மேல் இன்னொரு பெண்ணின் கையும் இருந்தது. விரல்களில் தீக்குச்சி மருந்தின் கறை. அப்படி ஒருத்தி மேடையில் நிற்கவே இல்லை.

மாப்பிள்ளையிடம் காட்டினார். "உங்க தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குத பிள்ளை யாரும் மேடைக்கு வந்துச்சா?"

அவன் முகம் வெளுத்தது. "அதை அழிச்சிருங்க அண்ணாச்சி. யார்ட்டயும் காட்டாதீங்க."

மணப்பெண் உமாதேவி தன் அப்பா காலில் விழுந்தபோது அடுத்த படத்தை எடுத்தார். அதே கை கயிற்றைப் பிடித்திருந்தது. முடிச்சு இரண்டுதான். நிமிர்ந்து பெண்ணின் பிடரியைப் பார்த்தார். அங்கேயும் இரண்டுதான். மாமியார் காலில் விழுந்தபோது எடுத்த படத்தில் ஒன்று. பிடரியிலும் ஒன்று.

தங்கப்பாண்டி கேமராவை அணைத்து நாற்காலியில் வைத்தார்.

அப்போதுதான் பெண்ணின் தாய்மாமன் வந்து சேர்ந்தார். உமாதேவி அவர் காலில் குனிந்தாள்.

"என்னவே, எடுக்காம வேடிக்கை பாக்கீரு?" என்றார் அவர்.

"பேட்டரி தீந்துபோச்சு அண்ணாச்சி."

"கல்யாண வீட்டுக்கு வந்து சொல்லுத பதிலா இது?" என்று மாப்பிள்ளையின் அக்கா நாற்காலியிலிருந்த கேமராவைத் தூக்கிப் பொத்தானை அமுக்கினாள். "பொய்யப் பாரு! நல்லாத்தான எரியுது?"

தங்கப்பாண்டி கையை நீட்டுவதற்குள் பிளாஷ் மின்னியது.