புதுப்பதிவின் முதல் அடி

நாரந்தனை வீட்டின் அலுமாரிக் கண்ணாடியில் பின்னேர வெயில் நிற்கிறது. சிவகரன் தன் பழைய ரொக் கசெற்றைக் கேட்கிறான். இரைச்சலுக்குள் ட்ரம் அமுங்கிக் கிடக்கிறது. அதே அல்பத்தைத் துப்புரவாக்கி வெளியிட்ட புதுப்பதிவை அடுத்ததாகப் பெரிய ஸ்பீக்கரில் விடுகிறான். தொடக்கத்தில், தூரத்தில் எங்கோ வெடிப்பதுபோல ஒரே ஒரு கனத்த அடி. பிறகு இரைச்சலே இல்லாத அமைதி. குசினியில் தேத்தண்ணிப் பேணி விழுந்து உருள, அவன் ஓடிப்போய்ப் பார்க்கிறான். அம்மா தலையைக் கைகளால் பொத்திக்கொண்டு நிலத்தில் குப்புறக் கிடக்கிறாள். "ஆமிக் காம்பில இருந்து ஷெல் குத்திப்போட்டான்," என்கிறாள் மெல்ல. "இன்னும் விழேல்லை. படடா தம்பி." "அது பாட்டு அம்மா, ட்ரம் சத்தம். சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம்," என்று சொல்லிக்கொண்டே அவனும் நிலத்தில் குந்துகிறான். அடுத்து கிற்றார் வரும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவன், அம்மாவுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, அந்த ஷெல் எங்கே விழப்போகிறதென்று காதைக் கொடுத்துக் கிடக்கிறான்.