பின் இருக்கை

கார் நிற்க வேண்டிய ஷெட்டில் ஆறு வருடமாக அவர்களே கட்டும் இரண்டு இருக்கை விமானம் நின்றது. குலசேகரன் கண்ணாடி இழைத் துணியை வெட்டிப் போட, அதை இறுக்கும் ரெசின் பசையைத் தடவியது அவன் மனைவி இன்பவல்லி. காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்ததும் அவள்தான். அந்தத் தூள் அரித்த கையோடுதான் இத்தனை நாளும் சோறு பிசைந்து தின்றாள்.

அன்று பிளாஸ்டிக் மக்கில் ரெசினைக் கலக்கி, பிரஷ்ஷை அதிலேயே விட்டுவிட்டு, பின் இருக்கைப் பள்ளத்தின் அளவுக்கு அறுத்த பலகையை அவன் நீட்டினான்.

"இதப் பிடி வல்லி, மூடி ஒட்டிடலாம். அங்க பெட்ரோல் டேங்க் வருது. இன்னும் ஐநூறு கிலோமீட்டர் கூடப் போகலாம்."

"அது என் சீட்டுன்னுதானே சொன்னீங்க?"

"உனக்குத்தான் பஸ்ல போனாலே தலை சுத்துமே."

பஸ்ஸில் அவளுக்குத் தலை சுற்றியது மசக்கையாக இருந்தபோது, ஒரே ஒரு தடவை.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். பள்ளத்துக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"எறங்குடி! பத்து நிமிஷத்துல இறுகிடும்!"

"ஒட்டுங்க. என்னை உள்ள வச்சே ஒட்டுங்க."

மக்கில் ரெசின் சூடேறிப் புகைந்தது. அவன் கத்தினான், கெஞ்சினான், மறுபடி கத்தினான். கடைசியில் பிரஷ்ஷைப் பிடித்துத் தூக்கினான். ரெசின் இறுகிப்போய், மக்கும் கூடவே வந்தது.