விளம்பரத்தில் அழுதவள்

“வெங்காயமா, கிளிசரினா? அதை மட்டும் சொல்லிடு தாயி, இன்னிக்கு நிம்மதியாத் தூங்குவேன்.”

எர்னஸ்டீனின் சிகையலங்காரக் கடையில், பாதிப் பின்னலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ட்வைலா, சுவரில் உயரத்தில் தொங்கிய டிவியை நோக்கித் தாடையை நீட்டினாள்.

டிவியில் லவோனியா அழுதுகொண்டிருந்தாள்.

டிவிக்குக் கீழே நிஜ லவோனியா, அடுக்கிய பழைய பத்திரிகைகளைக் கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“தொழில் ரகசியம்க்கா,” என்றாள்.

அமெரிக்காவின் மேக்கன் நகரத்தில் அந்த விளம்பரத்தைப் பார்க்காதவர் இல்லை. ஒரு சாப்பாட்டு மேசை, மேசை நிறைய வரி அலுவலகத்தின் உறைகள், நடுவில் லவோனியா. “தூக்கம் போச்சு. வீடு போயிடும்னு பயந்தேன். எங்க போறதுன்னு தெரியலை. இது நடிப்பில்லைங்க, நிஜம்.” பிறகு வரிக்கடன் தீர்க்கும் கம்பெனியின் தொலைபேசி எண். பிறகு, சிரிக்கும் லவோனியா.

திரையின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி ஓடும்: இவர் நடிகை.

அதைப் படிக்காமல், தேவாலயத்தில் அவளுக்காகத் தட்டு ஏந்தி வசூல் செய்தவர்கள் உண்டு. படித்துவிட்டவர்களோ, அவளுக்கு டிவிப் பணம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது என்று நம்பினார்கள்.

உண்மையில் அது ஒரு நாள் வேலை, ஒரு நாள் கூலி. மூன்று வருஷமாக ஓய்வில்லாமல் உழைப்பது விளம்பரம் மட்டும்தான்.

லவோனியா உழைப்பது பள்ளிக்கூடத்துச் சமையலறையில். கோடையில் பள்ளி இல்லை. பள்ளி இல்லையென்றால் சம்பளமும் இல்லை. நேற்று வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாகிவிட்டது.

பள்ளி திறக்கும்வரை தங்க ஓர் இடம் வேண்டும். கடை மூடுவதற்குள் எர்னஸ்டீனிடம் அதைக் கேட்டுவிட வேண்டும்.

எர்னஸ்டீன் ட்வைலாவின் முடியைப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள். நாளை ஞாயிறு, நகரத்துத் தலைகள் எல்லாம் இன்று அவள் கையில். அவளும் லவோனியாவும் தேவாலயப் பாடகர் குழுவில் சிறு வயதிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியவர்கள். கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டாள்.

கேட்க வேண்டுமே.

“எர்னஸ்டீன்…”

டிவியில் ஒரு வக்கீல் லாரியின் மேல் ஏறி நின்றுகொண்டு, “அடிபட்டீர்களா?” என்று கத்தினார். அவருடைய தொலைபேசி எண்ணுக்கு ஒரு மெட்டு உண்டு. முடி உலர்த்தும் இயந்திரங்களுக்குக் கீழே இருந்த இரண்டு பெண்களும் தங்களை அறியாமலே கூடப் பாடினார்கள்.

“என் பேரன் ஏபிசிடிக்கு முன்னாடி அந்த நம்பரைத்தான் கத்துக்கிட்டான்,” என்றாள் ட்வைலா. “நாளைக்கு அந்த ஆளு செத்துப்போனா சவப்பெட்டி மேலயும் நின்னு கத்துவான், பாரேன்.”

ரிமோட் தொலைந்து பல மாதம் ஆகியிருந்தது. சத்தத்தைக் குறைக்க வழியில்லை.

லவோனியா எழுந்தாள். துடைப்பத்தை எடுத்துத் தரையில் இல்லாத முடியைக் கூட்டினாள். ஜன்னலுக்குப் போனாள். அவள் கார் மரத்தடியில் நின்றது. பின்சீட்டில் இருப்பது யாருக்கும் தெரியாதபடி சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தாள். திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

“ஏண்டி, காலுல சக்கரமா கட்டியிருக்கு?” என்றாள் எர்னஸ்டீன், தலையை நிமிர்த்தாமலே.

டிவியில் மறுபடியும் அந்தச் சாப்பாட்டு மேசை. மறுபடியும் உறைகள்.

அது வெங்காயமும் இல்லை, கிளிசரினும் இல்லை. ‘உனக்கு எது பயமோ, கண்ணை மூடி அதைப் பார்’ என்றார் படம் எடுத்தவர். பார்த்தாள். கண்ணீர் முதல் தடவையே கொட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

விளம்பரம் முடியட்டும் என்று காத்திருந்தாள். முடிந்தது. மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“எர்னஸ்டீன், எங்க போறதுன்னு தெரியலை.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. அதே வரி. அதே குரல். அதே இடத்தில் அதே இடறல்.

ட்வைலா தொடையைத் தட்டினாள். இயந்திரங்களுக்குக் கீழிருந்து இரண்டு தலைகளும் வெளியே நீண்டன. மூன்று பேரும் சேர்ந்து பாடாத குறையாகச் சொன்னார்கள்: “இது நடிப்பில்லைங்க, நிஜம்!”

லவோனியா அடுத்துச் சொல்ல இருந்ததும் அதைத்தான்.

கடையே குலுங்கியது. எர்னஸ்டீன் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “அடிப்பாவி, வேலை செய்ய விடுறியா நீ!”

லவோனியா சிரிக்கவில்லை. நெருங்கிப் போய் எர்னஸ்டீனின் முழங்கையைப் பிடித்தாள். சீப்பு பாதி வழியில் நின்றது.

தூக்கம், வீடு, பயம், நிஜம். எல்லா வார்த்தையையும் அந்த விளம்பரம் தின்று தீர்த்திருந்தது. அதில் வராத ஒரு சொல்லைத் தேடினாள்.

அன்று படப்பிடிப்பு விளக்குகளுக்கு நடுவே கண்ணை மூடி அவள் பார்த்தது வரி பாக்கியை அல்ல, பூட்டிய வீட்டைக்கூட அல்ல. காரின் பின்சீட்டில் கிடக்கும் தன் தலையணையை.

இப்போது அது மரத்தடியில் நின்ற காருக்குள் கிடந்தது.

“தலையணை என்கிட்ட இருக்கு, எர்னஸ்டீன். ஸ்கூல் திறக்குற வரைக்கும் உன் வீட்டு சோஃபால படுத்துக்கட்டுமா?”