தொண்டைக்கட்டு

"அப்பா, அவங்க கிளம்புற வரைக்கும் நீங்க வாயே திறக்கக் கூடாது. தொண்டைக்கட்டுன்னு சொல்லிக்கலாம்" என்றாள் மகள், சோபா உறையை மறுபடி இழுத்துவிட்டபடி.

"ஒரு வணக்கம்கூடவா?"

"கையெடுத்துக் கும்பிடுங்க, போதும்."

எல்லாம் அந்த ஒட்டகத்தால் வந்த வினை. குழாயில் தண்ணீர் வராத ஒரு காலையில் அப்பா, பிளம்பருக்கு அனுப்புவதாக நினைத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவைப் போட்டுவிட்டார்: "தண்ணி வரலன்னு எத்தனை தடவைதான் சொல்றது? நான் என்ன ஒட்டகமா?"

எவனோ அதை எடுத்து, கண்ணை மூடிக் கொட்டாவி விடும் யாரோ ஒரு மீசைக்காரரின் படத்தோடு ஒட்டி, பின்னணியில் மேளத்தைச் சேர்த்து உலவ விட்டான். இப்போது பஸ்ஸில், சலூனில், பக்கத்து வீட்டுக் குழந்தையின் கையில், எங்கும் அதே அலறல்.

"நான் கட்டிக்கப் போறவரோட அப்பாவுக்கு அந்த வீடியோன்னாலே ஆகாதாம்பா. யாராவது போட்டா எழுந்து போயிடுவாராம். அந்தக் குரல்காரன் மட்டும் கையில கிடைக்கட்டும்னு சொல்லிட்டிருக்காராம்."

"பொண்ணோட வாழ்க்கை உங்க நாக்குல இருக்கு" என்றாள் மனைவி.

அழைப்பு மணி அடித்தது. மகளுக்குப் பிடித்த பையன், அவன் அம்மா, பின்னால் முகக்கவசத்தோடு அப்பா.

"இவருக்கு ஜலதோஷம்" என்றாள் அந்த அம்மா.

"இவருக்குத் தொண்டைக்கட்டு" என்றாள் மனைவி.

"நல்ல பொருத்தம்" என்று பையன் சிரித்தான். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பாக்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டார்கள். பேச்சு வேலை, வீடு என்று நகர்ந்து, கல்யாணத் தேதி வரை வந்துவிட்டது. மகள் அப்போதுதான் நிம்மதியாக மூச்சுவிட்டாள். டம்ளர் கழுவப் போன மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னங்க, மறுபடியும் தண்ணி வரல."

"எத்தனை தடவைதான் சொல்றது? நான் என்ன ஒட்டகமா?"

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பையனின் அப்பா மெல்ல எழுந்தார். "அந்தக் குரல் நீங்கதானா?"

"மன்னிச்சிடுங்க. என் வாய்க்காகப் பிள்ளைங்களைப் பிரிச்சிடாதீங்க."

"பிரிக்கிறதா?" அவர் முகக்கவசத்தைக் கழற்றினார். ஊரெல்லாம் பார்த்த அதே மீசை.

"நம்ம ரெண்டு பேரையும்தான் எவனோ எப்பவோ சேர்த்து வச்சுட்டானே, சம்பந்தி."