கேஸ் ஆகாத சாவு

"இன்னும் எத்தன பேரு செத்தா எங்க கூட்ரோட்டுல லைட்டும் ஸ்பீடு பிரேக்கரும் போடுவீங்க மேடம்?" என்று கேட்டார் வார்டு மெம்பர் வேடியப்பன்.

நெடுஞ்சாலைப் பொறியாளர் சுசித்ரா ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"நாலு."

கூட வந்திருந்த சுமலதா வெடுக்கென்று நிமிர்ந்தாள். பெத்த பிள்ளையைப் பறிகொடுத்தவளை எதிரில் வைத்துக்கொண்டு சொல்கிற பேச்சா இது? ஓட்டலில் எத்தனை இட்லி என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரியல்லவா சொல்கிறாள். நீயும் ஒரு பிள்ளையை அந்த ரோட்டில் அனுப்பிப் பாருடி என்று மனசுக்குள்ளேயே சபித்தாள்.

அவர்கள் ஊர்க்காரர்கள் கடத்தூர் பஸ் ஏற வேண்டுமானால் நாலுவழிச் சாலையைக் குறுக்கே தாண்டியாக வேண்டும். லாரிகள் இறக்கத்தில் கண்மண் தெரியாமல் வரும். மூன்று வருஷத்தில் ஊர்க்காரர்கள் ஆறு பேர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அஞ்சாவது ஆள் சுமலதாவின் மகன் அருள்குமார், சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தவன். இனி அவளுக்கு மிச்சம் இருப்பது மகள் பிரியதர்ஷினி ஒருத்திதான். பிளஸ் டூ படிக்கிறாள். தினமும் ரெண்டு தடவை அதே ரோட்டைத் தாண்டுகிறாள். அவள் தலையை வாசலில் பார்க்கிறவரை சுமலதாவுக்குச் சோறு இறங்காது.

ஆறு பேரைக் காவு கொடுத்தது பத்தாதா, இன்னும் நாலு கேட்கிறீர்களா என்று வேடியப்பன் குரலை உயர்த்தினார்.

சுசித்ரா ஒரு நோட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். மூன்று வருஷத்தில் அஞ்சு விபத்தாவது போலீஸ் எழுத்தில் இருந்தால்தான் அது ஆபத்தான இடம் என்று பட்டியலில் ஏறும், ஏறினால்தான் வேலை நடக்கும் என்றாள். எழுத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. வெளிமாநில லாரி கிளீனர் ஒருவன் செத்தது. தானும் மூன்று முறை எழுதி அனுப்பி, மூன்றும் திரும்பி வந்துவிட்டதாம்.

"நானும் வந்து பாத்தேங்க. ஒரு தடவ தாண்டறதுக்குள்ள எனக்கே உசுரு போயிருச்சு. ஆனா உங்க ஆறு பேரும் எந்த எழுத்துலயும் இல்ல. கேஸ் இல்ல, போஸ்ட்மார்ட்டம் இல்ல. நான் யாரக் காட்டிக் கேக்கறது?"

அதுவரைக்கும் மேஜையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்த வேடியப்பன் தரையைப் பார்த்தார்.

சுமலதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் ஊரில் போஸ்ட்மார்ட்டத்தில் அறுத்த உடம்பை வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். குளிப்பாட்டக் கூடாது, மாலை மரியாதை கிடையாது, வாசலோடு சுடுகாடுதான். அதனால் ரோட்டில் யார் செத்தாலும், போலீஸ் வருவதற்குள் வேடியப்பன் ஒரு வண்டியைப் பிடித்து உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். விசாரிக்க வருகிறவர்களிடம் தானாக விழுந்துவிட்டார், யார் மேலும் புகார் இல்லை என்று பேசி அனுப்பிவிடுவார். ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிடும். அருள் போன அன்றைக்கு, எம்புள்ளைய அறுக்க வுட்டுராதீங்க என்று அவர் காலில் விழுந்தவள் இவள்தான்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் கூட்ரோடு, கூட்ரோடு என்று குரல் கொடுத்ததும் இறங்கினார்கள்.

சாலை ஓரத்தில் கூட்டம். டீக்கடை பச்சியப்பனின் மனைவி அமுதவல்லி. புல்லுக்கட்டோடு ரோட்டைத் தாண்டியவளை லாரி அடித்துவிட்டது. நூத்தியெட்டில் வந்தவர்கள் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்களாம். நாலு ஆம்பளைகள் அவளைப் பாயோடு சேர்த்து ஒரு மினி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

வேடியப்பனைக் கண்டதும் பச்சியப்பனுக்கு உயிர் வந்தது. "வந்துட்டீங்களாண்ணா. போலீஸ் வர்றதுக்குள்ள வூட்டுக்குக் கொண்டுபோயிரலாம். நீங்க இருக்கறப்ப எனக்கு என்ன பயம்."

பழக்கதோஷம், வேடியப்பனின் கை தன்னால் வேன் கதவைப் பிடித்தது.

சுமலதா மணியைப் பார்த்தாள். நாலேகால். இன்னும் அரை மணியில் பிரியதர்ஷினி எதிர்ப்பக்கம் வந்து இறங்குவாள். லாரிகள் நிற்கிற பாடாக இல்லை. நேராகப் போய் வேனின் முன்சக்கரத்துக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"எடுக்க வேணாம். போலீஸ் வரட்டும். எழுதட்டும்."

உனக்குப் பைத்தியமா என்றார்கள். ஈவு இரக்கம் இல்லாதவள் என்றார்கள். ஒருத்தி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சுமலதா அசையவில்லை. தனக்கு ஆதரவாக வேடியப்பன் ஏதாவது சொல்வார் என்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

பச்சியப்பன் மட்டும் அவளைத் திட்டவில்லை. வந்து அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கோபமே இல்லாமல், தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"ஏங்கக்கா, அன்னிக்கு அருள வண்டியில ஏத்தறப்ப கால்பக்கம் புடிச்சுத் தூக்குனது நான்தானே?"