இறக்கையில் வழிந்த மை

"உள்ளே பெத்த அப்பன் சாகக் கிடக்கிறார். நீ இங்க உட்கார்ந்து பொம்மை துடைச்சுக்கிட்டு இருக்கியாடா?"

பையைக்கூடக் கீழே வைக்காமல் அக்கா கேட்டாள்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். மேஜையில் ஒரு குட்டி விமானத்தின் சாம்பல் நிற இறக்கை. தகடுகள் சேர்கிற இடங்களைக் காட்ட, அதில் தலைமுடி கனத்துக்குக் கோடுகள் கீறியிருந்தன. கோடு எடுப்பாகத் தெரிவதற்காகக் கறுப்பு மை பூசியிருந்தான். கோட்டுக்குள் இறங்கியது போக மிச்சமெல்லாம் இறக்கை முழுக்க வழிந்திருந்தது. அதைத்தான் பெயிண்ட் தின்னரில் நனைத்த, காது குடைகிற பட்ஸால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாக்கா. இந்த ஓரம் மட்டும்தான். இதோ முடிஞ்சிடும்."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லாரிப் பட்டறையில் சக்கரம் கழற்றி மாட்டுகிற ஆள் அவன். சின்ன வயதில் டம்ளரைத் தொட்டால் டம்ளர் உடையும். கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் கையோடு வரும். 'சம்மட்டி' என்று பேர் வைத்ததே அப்பாதான். அந்தச் சம்மட்டிக்கு இந்த வயதில் விமானம் கேட்கிறது!

விடுவிடுவென்று அப்பாவின் அறைக்குள் போனாள்.

தொண்டையில் வந்த வியாதி. வைத்தியத்தில் வாயெல்லாம் வெந்து புண்ணாகி, பேச்சும் நின்றுவிட்டது. வாய் காயவே கூடாது, பஞ்சை நனைத்து அடிக்கடி துடைத்துவிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். தலைமாட்டில் இருந்த பட்ஸ் டப்பாவைத் திறந்தாள். ஒன்றிரண்டுதான் மிச்சம்.

திரும்பி வந்து பார்த்தால், மேஜைக்கு அடியில் குப்பைக்கூடை முழுக்கக் கறுப்புப் பட்ஸ்!

"அப்பாவுக்கு வாங்கினதையும் இந்தப் பொம்மைக்கே தீர்த்துட்டியா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லையா உனக்கு?"

தம்பி மறுபடி இறக்கையின் ஓரத்தைத் துடைக்கக் குனிந்தான். விளக்கம் சொல்கிற ரகம் இல்லை அவன்.

"அப்பாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வண்டிக்குச் சொல்லியாச்சு."

அதற்குத்தான் பதறி எழுந்தான். "வேணாம்கா. இந்த நிலைமையில அவரை அசைக்கக் கூடாது. கடைசி வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும். நான் பார்த்துக்கறேன்."

"நீ பார்த்துக்கற லட்சணம்தான் தெரியுதே!"

இன்றைக்கு முன் அக்கா இந்த வீட்டுப் படியேறிப் பல மாதம் ஆகியிருந்தது. ஆனால் தினம் தவறாமல் போனில் அழுதிருக்கிறாள். போனில் பாசம் காட்ட அவளை விட்டால் ஆளில்லை.

மிச்சமிருந்த பட்ஸில் ஒன்றைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் வந்துட்டேன்பா. வாயைத் திறங்க."

மகளைக் கண்டதும் அவர் கண் மலர்ந்தது. உதடு பிரிந்தது. அவள் பஞ்சை வைத்துத் துடைத்தாள்.

அப்பாவின் உடம்பு தூக்கிப் போட்டது. பஞ்சில் ரத்தம்.

"ஐயோ, மெதுவாத்தானேப்பா தொட்டேன்!"

மறுபடி கையைக் கொண்டுபோனாள். அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணோரம் நீர் வழிந்தது.

பெற்ற மகளின் கையைப் பார்த்து அப்பா பயப்படுகிறார். அக்காவுக்குத் தாங்கவில்லை.

தம்பி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான். புதுப் பட்ஸ் ஒன்றை நனைத்து, சொட்டுகிற தண்ணீரை உதறினான்.

"அப்பா, சம்மட்டி வந்திருக்கேன்."

மூடியிருந்த வாய் தானாகத் திறந்தது.

பஞ்சை இழுக்காமல் விரல் நுனியில் உருட்டிக்கொண்டே போனான். படுகிறதா இல்லையா என்றே அக்காவுக்குத் தெரியவில்லை. காய்ந்து ஒட்டியிருந்தது மட்டும் பஞ்சோடு வந்தது. ரத்தம் இல்லை. அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

வாசலில் ஹாரன் சத்தம். அக்கா எழுந்து போய் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தாள்.

"இந்தக் கை உனக்கு எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் அழுத்தினாலும் கோட்டுக்குள்ள இருக்கிற மையும் சேர்ந்து வந்துடும்கா. அழுத்தாம விட்டா மேல இருக்கிற அழுக்கு போகாது. ஆரம்பத்துல எத்தனையோ இறக்கை பாழாப் போச்சு. இப்பத்தான் கை நிதானத்துக்கு வந்திருக்கு."

"நான் அப்பாவைப் பத்திக் கேட்கறேன், நீ விமானத்தைச் சொல்றே!"

அப்பாவின் உதட்டோரம் நின்ற சொட்டை ஒற்றி எடுத்துவிட்டு, தம்பி தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"முதல் நாள் நான் தொட்டப்பவும் ரத்தம்தான்கா வந்துச்சு. அப்புறமும் அப்பா வாயிலயா பழகிப் பார்க்க முடியும்?"